பாதி கட்டிய கோட்டையைக் கலைக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

சிறு குழந்தைக்கு வீட்டில் விளையாட்டு இடம் அமைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால் இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன், உங்கள் கடிதம் அப்படியே வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: புது ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். மூன்றாவது அறை பத்துக்குப் பத்து. அதை மூன்றரை வயது மகனுக்கு விளையாட்டு அறையாக்க ஆசை. இன்டீரியர் செய்பவர் 'காட்டுத் தீம்' என்று சொல்லி சுவர் முழுக்க யானை, ஒட்டகச்சிவிங்கி, ஃபால்ஸ் சீலிங்கில் நட்சத்திர விளக்கு, கூரை வரைக்கும் மூடிய அலமாரி, கார் வடிவக் கட்டில் என்று இரண்டரை லட்சம் கேட்கிறார். குழந்தையின் கற்பனை வளரும் என்கிறார். செய்யலாமா மேடம்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வேண்டாம். பணம் ஒரு காரணம்தான், அதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்த அறையில் கற்பனை செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் இன்டீரியர்காரரே செய்து முடித்துவிட்டார், பையனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? சுவரில் காட்டை வரைந்துவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு அது காடுதான். உங்கள் மகனுக்கோ இன்று காலையில் அந்த மூலை சென்ட்ரல் ஸ்டேஷனாக இருக்க வேண்டும், சாயங்காலம் மீன் மார்க்கெட்டாக வேண்டும், நாளைக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரியாக வேண்டும். கார் வடிவக் கட்டில் எப்போதும் கார்தான், ஆனால் சாதாரண மரப்பெஞ்சு ஒன்று காராகும், படகாகும், கடைக் கல்லாவாகும், மேலே ஒரு போர்வையைப் போட்டால் குகையாகும். முடிந்தவரை எதுவாகவும் ஆகக்கூடிய பொருளாக வாங்குங்கள், ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய பொருளைத் தவிர்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலே பட்டியலில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முதலில் தரை. இந்த வயதில் குழந்தையின் உலகமே தரைதான், மேஜை நாற்காலி எல்லாம் அப்புறம். வழவழப்பான டைல்ஸ் என்றால் பாதித் தரைக்குக் கோரைப்பாயோ, துவைக்கக்கூடிய ஜமக்காளமோ போடுங்கள், மீதிப் பாதி வெறுந்தரையாகவே இருக்கட்டும், ஏனென்றால் கட்டைகளை அடுக்குவதற்கும் வண்டி உருட்டுவதற்கும் கெட்டியான சமதளம் வேண்டும். சுவரோடு சுவராகக் கார்பெட் ஒட்டச் சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தூசியையும் பூஞ்சையையும் சேர்த்து வைக்கும், தண்ணீர் கொட்டினால் போச்சு, அதன் பிறகு 'கொட்டாதே, சிந்தாதே' என்று நீங்கள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பீர்கள். கொட்டினால் துடைத்துவிடலாம் என்கிற தரைதான் குழந்தைக்கு நல்ல தரை.

அடுத்தது அலமாரி, இதுதான் இந்த அறையில் நீங்கள் யோசித்துச் செலவு செய்ய வேண்டிய பொருள். மூன்றரை வயதுக் குழந்தை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம் இருப்பான். அப்படியானால் அவனுக்கான அலமாரியின் மேல்தட்டு 70 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கதவு இருக்கக் கூடாது. கூரை வரை போகும் மூடிய அலமாரி உங்களுக்கான சாமான் அறை, அவனுக்கு அது வெறும் சுவர். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காக முதல் பள்ளியைத் திறந்தபோது அங்கேயும் பூட்டிய அலமாரிதான் இருந்தது. ஒருநாள் ஆசிரியை அதைப் பூட்ட மறந்துவிட்டார், மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் அவரவருக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டிக்க வேண்டும் என்று ஆசிரியை நினைத்தாராம். மாண்டிசோரிக்கு விஷயம் வேறு மாதிரி பட்டது: இவர்களுக்கு எது வேண்டும் என்று இவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு பூட்டு போய், குழந்தைகளின் கைக்கெட்டும் திறந்த தட்டுகள் வந்தன. அந்த அம்மா 1939-ல் நம் அடையாறு தியாசாபிகல் சொசைட்டிக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதனால் இந்தத் தாழ்வான திறந்த அலமாரி நம் ஊருக்கு எண்பது வருஷப் பழக்கமுள்ள விஷயம்தான், ஏதோ புது ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம்.

சின்ன மேஜை நாற்காலி போடுவதானால் நாற்காலி உட்காருமிடம் 28 செ.மீ. அளவிலும் மேஜை 48 செ.மீ. அளவிலும் இருந்தால் கால் தரையில் பதியும். போடாவிட்டாலும் பரவாயில்லை, பழைய கணக்குப்பிள்ளை மேஜை ஒன்று கிடைத்தால் தரையில் உட்கார்ந்தே வரைவான். சுவருக்கு வெளிர் நிறம், ஜன்னலுக்கு மறைக்காத திரை, பகல் வெளிச்சம் வரும் பக்கமாக வரையும் இடம், அவ்வளவுதான். பெயின்ட் வாங்கும்போது ஈயம் சேராதது என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. அறையில் ஒரு மூலையை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். எதற்கு என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், அவன் யோசிப்பான்.

கேள்வி: தனி அறைக்கு எங்கே போவது? நாங்கள் ஒரு படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு இரண்டரை வயது.
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் குழந்தைக்கு இப்போது தனி அறை கொடுத்தாலும் அதில் இருக்க மாட்டாள். இரண்டு, மூன்று வயதில் பிள்ளைகள் பெரியவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில்தான் நிம்மதியாக விளையாடுவார்கள், லட்ச ரூபாய் விளையாட்டு அறை வைத்திருப்பவர் வீட்டிலும் அத்தனை சாமானும் சமையலறை வாசலுக்குத்தான் வந்து சேருகிறது. அதனால் ஹாலில் சமையலறைக்கு அருகில் ஒரு மூலை போதும்.

அந்த மூலையில் ஒரு பாயை விரித்து 'இது உன் இடம்' என்று சொல்லிவிடுங்கள், பாய்தான் எல்லை. வீட்டில் கழற்றி மாட்டும் கொலுப்படி இருந்தால் கீழ் இரண்டு படியை மட்டும் எடுத்துச் சுவரோரம் போட்டுவிடுங்கள், ஆணியே இல்லாமல் அருமையான தாழ்வான அலமாரி கிடைத்துவிட்டது (பிள்ளை மேலே ஏறும், அதனால் இரண்டு படிக்கு மேல் வேண்டாம், ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்). தண்ணீர் விளையாட்டுக்கும் பெயின்ட்டுக்கும் பாத்ரூம்தான் சிறந்த இடம். டைல்ஸ் சுவரில் விரலால் பெயின்ட் பூசி விளையாடட்டும், முடிந்ததும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சுவரும் சுத்தம், குழந்தையும் சுத்தம். மொட்டை மாடிக்குப் போகும் வழி இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரும் அகலமான பழைய பெயின்ட் பிரஷும் கொடுங்கள். சிமென்ட் தரையில் தண்ணீரால் வரைந்தால் கருப்பாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறையும், மறுபடி வரையலாம். செலவே இல்லை, எந்த ஓனரும் ஒன்றும் சொல்ல முடியாது. வாளிப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அது மட்டும் கண்டிப்பு.

கேள்வி: பிறந்தநாளுக்கு வந்தது, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பியது என்று வீடு முழுக்க பொம்மை. ஆனால் என் மூன்று வயது மகள் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு 'போர் அடிக்குதும்மா' என்கிறாள். ஒன்றிலும் ஐந்து நிமிஷம் நிற்பதில்லை. கவனக் குறைவு ஏதாவது இருக்குமோ?
– வாசகி, கோவை

பதில்: மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக் கவனக் குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பொம்மைகளில் முக்கால்வாசியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-ல் வெளிவந்தது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நின்றார்கள், ஒரே பொம்மையை விதவிதமான முறையில் பயன்படுத்தினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் பாலர் பள்ளி நடத்துகிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அலமாரியில் ஏழெட்டுப் பொருள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, தனித்தனித் தட்டிலோ முறத்திலோ வையுங்கள். பெரிய கூடையில் எல்லாவற்றையும் போட்டால் அடியில் கிடப்பது தெரியாது, அதனால்தான் அவள் கவிழ்க்கிறாள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து சிலதை இறக்கி சிலதை ஏற்றுங்கள், பழைய பொம்மை புதுசாகிவிடும். அவள் ஆசையாக வைத்திருக்கும் ஒன்றை மட்டும் தொடாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் முதலிடம் மரக்கட்டைகளுக்கு. பட்டனை அமுக்கினால் பாடுகிற பொம்மையில் வேலை செய்வது பொம்மைதான், குழந்தை சும்மா பார்க்கிறாள். மரக்கட்டை தானாக ஒன்றும் செய்யாது, எல்லாவற்றையும் குழந்தைதான் செய்ய வேண்டும். நியூயார்க்கில் 1914-ல் பள்ளி தொடங்கிய கேரலின் பிராட் என்ற ஆசிரியை வடிவமைத்த கட்டைகளைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாலர் பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, அதனால் உங்கள் ஆசாரியிடமே தாராளமாகச் செய்யச் சொல்லலாம். அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: அடிப்படைக் கட்டை 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. கனம். அதில் பாதி நீளத்தில் கொஞ்சம், இரு மடங்கு நீளத்தில் கொஞ்சம், நான்கு மடங்கில் கொஞ்சம். கனம் அகலத்தில் பாதி, அகலம் நீளத்தில் பாதி, இந்தக் கணக்கு பிசகக் கூடாது, ஏனென்றால் இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டைக்குச் சரியாக வரும் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்கிறார்கள், பின்னம் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு ரொம்ப முன்னாலேயே. ரப்பர் மரமோ வேறு கெட்டியான மரமோ போதும், ஓரங்களை நன்றாக இழைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், பாலிஷ் பெயின்ட் ஒன்றும் வேண்டாம். மிச்சம் விழுந்த பிளைவுட் துண்டுகளில் மட்டும் செய்யச் சொல்லாதீர்கள், சிலாம்பு ஏறும். அறுபது கட்டை இருந்தால் ஒரு குழந்தைக்குத் தாராளம், பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் கூட வரும்.

கேள்வி: கட்டை தவிர வேறு என்ன வாங்கலாம்? மாதம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடியும்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த ஐந்நூறில் பெரும்பகுதியைத் தாள், கிரேயான், ஃபெவிகால், பெயின்ட் என்று தீர்ந்துபோகும் பொருள்களுக்குச் செலவழியுங்கள். 'வீணாக்காதே' என்று சொல்லிச் சொல்லி ஒரு தாளில் நாலு கோடு போடவே பிள்ளை பயப்படுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆபீஸில் ஒருபக்கம் அச்சான தாள் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போடுகிறார்கள், கேட்டு வாங்கி வாருங்கள்.

மீதியை வீட்டிலேயே தேடுங்கள். கொட்டாங்குச்சி, நூல் தீர்ந்த உருளை, துணி காயப்போடும் கிளிப், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, கிழிந்த புடவை, பழைய வடிகட்டி, நசுங்கிய கிண்ணம், வளையல், பனை ஓலை, நல்ல கூழாங்கல். 1971-ல் சைமன் நிக்கல்சன் என்பவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் அசைக்க, மாற்ற, சேர்க்க, பிரிக்கக்கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அங்கே புதிதாகக் கண்டுபிடிப்பதும் நடக்கும் என்பது அவர் வாதம். கட்டடக்காரர்களும் வடிவமைப்பாளர்களுமே யோசிக்கிற சந்தோஷத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு, முடிந்த பொருளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஏமாற்றுகிறோம் என்று காட்டமாகவே எழுதியிருக்கிறார். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் நுங்குக் கூந்தலில் குச்சி சொருகி வண்டி ஓட்டியதும் அதுதானே, கடையில் வாங்கிய வண்டியை ஓட்டத்தான் முடியும், நுங்கு வண்டியைச் செய்யவும் வேண்டும். பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துச் செய்து காட்டும் பொம்மைகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார், பிள்ளைக்கு ஐந்தாறு வயதாகும்போது உட்கார்ந்து சேர்ந்து செய்யுங்கள்.

பிசைய ஒன்று வேண்டும், கட்டாயம் வேண்டும். குயவரிடம் கொஞ்சம் களிமண் வாங்கி ஈரத்துணி சுற்றி மூடி வைத்தால் வாரக்கணக்கில் வரும். அது முடியாவிட்டால் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, கொஞ்சம் எண்ணெய், சப்பாத்தி மாவு பதத்துக்குத் தண்ணீர், நிறத்துக்கு மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ. உப்பு அதிகம், அதனால் வாயில் போடும் வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லாமல் போனால் தப்பு: அம்பாசமுத்திரம் மரச்சொப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கடைசல் பிடித்த அம்மி, உரல், திருகை, அடுப்பு. பிளாஸ்டிக் கிச்சன் செட்டுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள். மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 'பையனுக்கு எதற்குச் சொப்பு' என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், சோறு பொங்கி எல்லோருக்கும் பரிமாறி விளையாட எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

கேள்வி: அறை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி ஆனால் எங்கள் அத்தை எல்லாவற்றையும் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார். காலையில் மூன்று வயதுப் பையன் எழுந்து 'என் பாலம் எங்கே' என்று அழுகிறான். அத்தையிடம் எப்படிச் சொல்வது? வீடு குப்பையாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அறையின் அளவு, அலமாரி, கட்டை எல்லாம் சரியாக இருந்து, பாதியில் நிற்கும் வேலைக்கு இடமில்லை என்றால் அங்கே பெரிதாக ஒன்றும் உருவாகாது. ராத்திரியானால் இடிந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை அரை மணி நேரத்தில் முடிகிறதைத்தான் கட்டுவான். மூன்று நாள் நிற்கும் என்று தெரிந்த பிள்ளை முதல் நாள் பாலம் கட்டுவான், மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து நேராக அங்கே போய் பாலத்துக்குக் கீழே ஆறு வேண்டுமே என்று நீலத் துணி தேடுவான், அதற்கடுத்த நாள் ஆற்றங்கரையில் சந்தை கூடும், அதில் வளையல் கடை போட உங்கள் வளையல் பெட்டிக்கு ஆபத்து வரும். கற்பனை வளர்வது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும்தான் நடக்கிறது.

அத்தைக்குச் சொல்ல நம் தமிழிலேயே வழி இருக்கிறது. பிள்ளைத்தமிழ் கேட்டிருப்பார், ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வரும், சின்னப் பெண்கள் மணலில் வீடு கட்டி விளையாடிக்கொண்டு, குழந்தையாக வரும் முருகனிடம் 'நாங்கள் கட்டிய சிற்றிலைக் காலால் அழித்துவிடாதே' என்று கெஞ்சுவார்கள். சாமியிடமே அத்தனை பாட்டுப் பாடிக் கெஞ்சும் அளவுக்கு அந்த மணல் வீடு அவர்களுக்குப் பெரிசு. அத்தையிடம் சண்டையாக இல்லாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். கொலு வைக்கிற வீடாக இருந்தால் இன்னும் சுலபம். பார்க் கட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, குளத்துக்குக் கண்ணாடி வைத்து, ஒன்பது நாள் யாரும் தொடாமல் காப்பாற்றுகிறோமே, அதே மரியாதையைப் பையனின் பாலத்துக்கும் கேளுங்கள்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கால் வைக்க இடமில்லாத வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது, முட்டிவலி உள்ளவர் கட்டையில் தடுக்கி விழுந்தால் பெரிய வம்பு. அதனால் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி பலகை ஒன்று ஆசாரியிடம் வாங்கி 'இதன் மேலே கட்டுவதை யாரும் கலைக்க மாட்டார்கள், வெளியே சிதறிக் கிடப்பதை ராத்திரி எடுத்து வைத்துவிட வேண்டும்' என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள். வீடு கூட்டும்போது பலகையோடு நகர்த்தி வைக்கலாம். வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் பாவம், தெரியாமல் கூட்டித் தள்ளிவிடுவார். எடுத்து வைக்கும் வேலையையும் பையனே செய்வான், ஒவ்வொரு தட்டிலும் அங்கே வைக்க வேண்டியதன் படத்தை ஒட்டிவிட்டால் போதும். சேர்ந்து செய்யுங்கள், மூன்று வயதில் தனியாக அறையை ஒதுக்கச் சொன்னால் அது நடக்காது.

கேள்வி: சுவரெல்லாம் மகளின் கிறுக்கல். கணவர் சத்தம் போடுகிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: கிறுக்கக் கூடாத சுவர் எது என்று சொல்வதற்கு, கிறுக்கலாம் என்கிற சுவர் ஒன்று முதலில் இருக்க வேண்டும். ஒரு சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் கரும்பலகை பெயின்ட் அடித்துவிடுங்கள், கீழே ஒரு பழைய துணி போட்டால் சாக்பீஸ் தூள் அதில் விழும். வாடகை வீடென்றால் பெரிய பிரவுன் தாளை டேப் போட்டு ஒட்டுங்கள். நின்றுகொண்டு தோளிலிருந்து கையை வீசி வரைவது இந்த வயதுக்கு உடம்பே கேட்கிற விஷயம், நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்காது. ஸ்லேட்டும் பல்பமும் கூட வாங்கிக் கொடுங்கள், பல்பத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் கோலம் போடும்போது ஓரத்தில் அவளுக்கும் ஒரு பிடி கோலமாவு. கணவர் சத்தம் போடுவதற்கு என்னிடம் பெயின்ட் இல்லை, ஆனால் அந்தக் கரும்பலகையை அவரையே அடிக்கச் சொல்லுங்கள், மகளையும் ஒரு பிரஷோடு பக்கத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: பேத்தி வரையும் ஒவ்வொரு படத்துக்கும் பத்து ரூபாய் கொடுக்கிறேன். ஊக்கம் வரட்டும் என்றுதான். மருமகள் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மருமகள் சொல்வது சரி, ஐயா. 1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் வரைய ஆசைப்படும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சிலரிடம் மட்டும் 'வரைந்தால் பரிசு உண்டு' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசு பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்பு ஆசைக்கு வரைந்தது இப்போது கூலிக்கு வேலையாகிவிட்டது. உங்கள் அன்பு பேத்திக்குப் பத்து ரூபாயாகப் போவதைவிடப் பத்து நிமிஷமாகப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து 'இந்தச் சிவப்பு எதற்கு இவ்வளவு பெரிசாக இருக்கிறது' என்று கேளுங்கள், 'இது என்ன, மாடா' என்று மட்டும் கேட்காதீர்கள், அது மாடாக இல்லாவிட்டால் குழந்தைக்கு வருத்தம். வரைந்த உடனே வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விளையாட்டு அறையில் டிவி வைக்கலாமா? பாட்டு, ரைம்ஸ் மட்டும்தான்.
– வாசகி, ஓசூர்

பதில்: வைக்க வேண்டாம். ஓடுகிற திரை இருக்கும் அறையில் கட்டை தோற்றுவிடும். பாட்டு வேண்டுமென்றால் நீங்கள் பாடுங்கள்.

கேள்வி: அறையில் ஆபத்தான விஷயங்கள் எவை என்று ஒரே இடத்தில் சொல்லுங்களேன்.
– வாசகர், வேலூர்

பதில்: அலமாரி எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் எல் வடிவப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள், பிள்ளைகள் தட்டைப் படியாக நினைத்து ஏறுவார்கள், கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆணி அடிக்க முடியாத வீட்டில் இடுப்பளவுக்கும் கீழான, அகலமான, கனமானது மட்டும் போடுங்கள். அடுத்து பட்டன் பேட்டரி. ரிமோட்டிலும் மினுக்குகிற பொம்மையிலும் இருக்கும் அந்த வட்டமான சில்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வெளியே வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்னச் சின்ன காந்தங்களும் அப்படித்தான், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையில் 3 செ.மீ. அளவுக்கும் சிறியது எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை, சோழி, பாசிமணி, நிலக்கடலை எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் மூச்சுக்குழாய்க்கும் போகிற சாமான். பல்லாங்குழி நல்ல விளையாட்டுதான், நாலு வயதுக்கு மேல் எடுங்கள். கடையில் வாங்கும் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம், பார்த்து வாங்குங்கள். ஜன்னலுக்குக் கிரில், அதன் பக்கத்தில் ஏறுவதற்கு வசதியாகப் பெஞ்சு போடாமல் இருப்பது, திரைச்சீலைக் கயிற்றைத் தொங்கவிடாமல் உயரத்தில் சுற்றி வைப்பது, சுவிட்ச் பாக்ஸுக்கு மூடி. தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் மூடியுள்ள டிரங்குப் பெட்டியைப் பொம்மைப் பெட்டியாக வைக்காதீர்கள், உள்ளே ஒளிந்துகொள்வார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டால் அப்புறம் நிமிஷத்துக்கு ஒருமுறை 'பார்த்து, பார்த்து' என்று சொல்ல வேண்டியிருக்காது. கத்தரிக்கோல் கேட்டால் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: பெரியவளுக்கு ஆறு, சின்னவனுக்கு ஒன்றரை. ஒரே அறை. அவள் கட்டுவதையெல்லாம் இவன் இடிக்கிறான், அவள் அடிக்கிறாள். இவனை வேலி மாதிரியான தடுப்புக்குள் விட்டால் கத்துகிறான்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: தடுப்புக்குள் சின்னவனை விடாதீர்கள், பெரியவளை உட்காரச் சொல்லுங்கள். அவளுக்கு வெளியே வரத் தெரியும், உள்ளே அவள் கட்டுவதை இவன் எட்ட முடியாது, அவளுடைய பாசிமணியும் கத்தரிக்கோலும் அவளோடு உள்ளேயே பத்திரமாக இருக்கும். மீதி அறை முழுக்க இவனுக்கு. தடுப்பு அவளுக்குப் பிடிக்காவிட்டால் சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதியை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட அந்தப் பாதியைக் கலைக்கக் கூடாது. இவனுக்கு இடிப்பதுதான் இப்போது ஆராய்ச்சி, தடுத்தாலும் நிற்காது, அதனால் இடிப்பதற்கென்றே காலி அட்டைப்பெட்டிகளை நீங்கள் அடுக்கிக் கொடுங்கள். பெரியவளுக்கு மனசு வரும் நாளில் தம்பிக்காக அவளே கோபுரம் அடுக்கி, எண்ணி மூன்று சொல்லி இடிக்க விடுவாள். 'தம்பி சின்னவன்தானே, விட்டுக்கொடு' என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள், அவள் கட்டியதும் வேலைதான்.